விழா மலர்களில் இடம்பெறாத பள்ளி வரலாறு

பள்ளி வரலாறு எழுதுதல் என்பது நம்மிடையே விழா மலர் தொகுத்தலாகச் சுருங்கிவிட்டது. நூற்றாண்டு நிறைந்ததும் அதிபர்களின் படங்கள் வரிசையாக அச்சேறுகின்றன; அடிக்கல் நாட்டிய நாள்கள் குறிக்கப்பெறுகின்றன; புகழ்பெற்ற பழைய மாணவர் பெயர்கள் இறுதியிற் சேர்கின்றன. வகுப்பறையில் என்ன கற்பிக்கப்பட்டது, எம்மொழியிற் கற்பிக்கப்பட்டது, எது கற்பிக்கப்படாது விடப்பட்டது என்னும் வினாக்கள் அம்மலர்களுள் எழுவதில்லை. யாழ்ப்பாணத்திலும் அதன் தீவகத்திலும் அமலமரித் தியாகிகள் சபையினர் வளர்த்த கத்தோலிக்கப் பாடசாலைகளின் வரலாறு இந்நோயால் மிகுதியும் பீடிக்கப்பட்டுள்ளது. எதிர்முனையில் நிற்போரோ, வெள்ளைக் குருமார் தமிழைக் கெடுத்தனர் என்று ஒரே வாக்கியத்திற் கணக்கை முடித்துவிடுகின்றனர். இவ்விரு திறத்தாரையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சபையின் முதற் குருமார் செமேரியா அடிகளின் தலைமையில் 1847 இல் இலங்கைக்கு வந்தனர். 1850 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலையே 1881 இற் புனித பத்திரிசியார் கல்லூரி எனப் பெயர் பெற்றது. பெண்கள் கல்விக்கென 1862 இல் திருக்குடும்பக் கன்னியர் வந்தனர். 1868 முதல் யாழ்ப்பாண ஆயராயிருந்த பொன்ஜீன் ஆண்டகை, சமயச் சார்புடைய பாடசாலைகளுக்கும் அரசு உதவி வழங்கவேண்டும் என வாதாடி அரசாங்கத்தையே அசைத்தவர். இவை பெருமைக்குரிய செய்திகளே. மலர்களில் இவை வருவது தகும். அவற்றின் பழைய மாணவர் பட்டியலில் முதலிடம் பெறும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913 இற் பிறந்த தனிநாயக அடிகளார், முதலில் ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் பின்னர்ப் பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். ஆங்கிலமும் இலத்தீனும் அவருக்கு இளமையிலேயே கைவந்தன. கொழும்பிலும் உரோமையிலும் மறைக்கல்வி முடித்து 1938 இற் குருவானார். தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கியது எங்கே? பாக்கு நீரிணைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில். 1940 ஆம் ஆண்டின் பின் அங்கே ஆசிரியப் பணியாற்றியபோது, பண்டிதர் ஒருவரிடம் பாடங்கேட்டார். அதன் பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பாடசாலையிற் பத்து வயதிற் கிடைத்திருக்க வேண்டியதை அவர் கடல் கடந்து தேடிப்பெற்றார். இதனைச் சொல்லாது "எம் கல்லூரி ஈன்ற தமிழ்த் தூதர்" என முழங்குவது வரலாறு ஆகாது.

ஆங்கிலப் பயிற்சி இன்றி 1952 இல் "தமிழ்க் கலாசாரம்" என்னும் ஆங்கில இதழை அவர் நடத்தியிருப்பாரா, 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியிருக்குமா என வினவுவர். நியாயமான வினாவே. ஆங்கிலம் அவருக்கு வேண்டியிருந்தது. அதனை அளித்த பள்ளிகளுக்கு நன்றி உரியது. ஆனால் ஆங்கிலம் கற்பித்ததற்குத் தமிழை விலையாகக் கொடுத்தது ஏன் என்பதன்றோ எம் வினா? கடல் கடந்து சென்று மீட்டெடுத்தவர் ஒருவர். செல்ல இயலாதவர் எத்தனை பேர் என்பதை எந்த மலரும் எண்ணியதில்லை.

இனி, பழியை முழுவதும் குருமார் தலையிற் சுமத்துவோரை நோக்குவோம். வடக்கன்குளத்திற் அடிகளார் பணியாற்றியதும் ஒரு கத்தோலிக்கப் பாடசாலையே என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். யாழ்ப்பாண மண்ணில் ஒப்பியல் சொற்பிறப்பு ஆய்வுக்கு வழிகோலிய நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் (1875-1947) இதே அமலமரித் தியாகிகள் சபையின் துறவி. 1876 முதல் வெளிவந்த "பாதுகாவலன்" பத்திரிகையும் இத்திருச்சபையினதே. தமிழ்ப் பகை சபையின் கொள்கையாயிருப்பின் இவற்றுக்கு இடமேது? சபையின் நூலறையிலும் அச்சகத்திலும் வாழ்ந்த தமிழ், அதன் உயர்வகுப்பு அறையில் மட்டும் ஏன் ஒதுங்கியது? கேம்பிரிட்ஜ் பரீட்சையும் அரசாங்க நன்கொடையும் அங்கே ஆட்சி செய்தமையால் என்க. அவ்விரண்டையும் விரும்பிக் கேட்டோர் நம் முன்னோர். கொழும்பிலும் மலாயாவிலும் உத்தியோகம் தேடிய பெற்றோர். 1848 இல் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; அவர் வழிவந்தோர் பின்னர் நிறுவிய இந்துக் கல்லூரியும் ஆங்கிலக் கல்லூரியாகவே வளர்ந்தது. திருநீறு பூசிய நெற்றியும் செபமாலை ஏந்திய கையும் ஒரே பரீட்சைத் தாளின் முன் அமர்ந்தன.

வாணிகத்துக்கும் ஆட்சிக்கும் தமிழ் போதாது என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. இவ்வெண்ணத்துக்கு மறுப்பு நூல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலில் அது கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது, கா. இந்திரபாலா அவர்கள் 1963 இற் பதிப்பித்தார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகருக்குக் காப்பு அளிக்கவேண்டும். யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்கு ஏற்றிய கலம் உடையுமாயின் சரிபாதி என்பது அதன் விதி. பொலனறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் கடல்வாணிகச் சட்டத்தைத் தமிழிற் பொறித்தான். அத்துறையை அடுத்த ஊரிற் பிறந்த சிறுவன் தன் மொழி அலுவலுக்கு ஆகாது என எண்ணும்படி வளர்க்கப்பட்டது பின்னாளைய புதுமை.

மலர்கள் மறந்த மற்றொரு பகுதி உண்டு. பெரிய கல்லூரிகளே கத்தோலிக்கக் கல்வி என எண்ணுவது தவறு. கோவிற்பற்றுதோறும், சுவாமியாரின் மேற்பார்வையில், ஓலைக் கொட்டகையிலும் சிறு கல்வீட்டிலும் நடந்த தாய்மொழிப் பாடசாலைகளே தீவகத்தின் பெரும்பாலான கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தன. மீனவர் பிள்ளைகள் அங்கேதான் தமிழ் படித்தனர். உபாத்தியாயர்களுக்குச் சிலையில்லை. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளை அரசிடம் சேர்த்தபோது, பத்திரிசியார் கல்லூரி கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக வெளியே நின்றது. நிற்க வலுவற்ற சிறு பாடசாலைகள் கைமாறின. சுவீகரிப்பை எதிர்த்தோர் எழுதிய பக்கங்கள் பல. கைமாறிய அச்சிறு பாடசாலைகளில் அதுவரை நடந்ததை எழுதிய பக்கங்கள் மிகச் சில. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளாலே தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு ஏடுகளும் கைவிடப்பட்டன.

இவற்றை இன்று கிளறுவது ஏன் எனின், 2001 முதல் ஆங்கில மொழிமூல வகுப்புகள் அரச பாடசாலைகளிலேயே மீண்டும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அன்று பெற்றோர் கூறிய அதே காரணங்கள் இன்றும் கேட்கின்றன. முன்னைய நூறாண்டுச் சோதனையின் வரவு செலவு எழுதப்படாதிருக்க, அதே சோதனைக்குள் மறுபடியும் இறங்குகின்றோம். வரலாறு, கல்வி, தமிழ் ஆகிய துறைகளில் ஆய்வேடு எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் தீவகத்துப் பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய சேர்வு இடாப்புகளும் சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் பாடசாலையிலோ பங்கு மனையிலோ உளவா எனத் தேடலாம்; வாரத்திற் தமிழுக்கு எத்தனை பாடவேளை, யார் கற்பித்தார், எத்தனை பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றனர் எனக் குறிக்கலாம். சுவீகரிப்புக்கு முன் அங்குப் படித்தோர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவருட் பலர் தொரொன்ரோவிலும் பாரிசிலும் உள்ளனர். அவர்களிடம் கேட்கும் பணியை அடுத்த விழா மலர் வரை தள்ளிவைக்க இயலாது.