பெரிய கோயிலுக்கு நிழல் உண்டு

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல். இவற்றை மறுப்பவர்கள் தமிழனின் பெருமையைக் குலைக்க வந்தவர்கள். இப்படி எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். ஆதாரம்? ஊர் சொல்கிறதாம், மக்கள் நினைவு பொய் சொல்லாதாம்.

மார்கழி மாத உச்சிவேளையில் அவர் விமானத்துக்கு வடக்கே, சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் போய் நிற்கட்டும். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். விமானத்தின் நிழல் அவர் காலடியிலேயே கிடக்கும். காலையிலும் மாலையிலும் அது திருச்சுற்றில் நீண்டு விழுவதைக் கோயிலுக்குப் போகிற எவரும் பார்க்கலாம். சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வரும் நாட்களின் நண்பகலில் மட்டும் நிழல் அடித்தளத்துக்குள் அடங்கும். அடி அகன்று நுனி குறுகிய எந்தக் கட்டடத்துக்கும் அப்படித்தான். சிகரமும் ஒற்றைக் கல் அல்ல, பல கற்களை இணைத்துச் செய்தது.

நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அந்த நந்தி நாயக்கர் காலத்தது. பாட்டி கதையாகச் சொன்னார். இவர் அதே வகைக் கதையை வரலாறு என்கிறார்.

மக்கள் நினைவின் லட்சணத்தையும் பார்ப்போம். கரிகாலன் தன் குட்டநோய் தீரக் கட்டிய கோயில் இது என்றது தலபுராணம். கட்டியவன் ராஜராஜன் என்பதையே ஊர் மறந்திருந்தது. 1880களில் கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ஷ் கோயில் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் அது உறுதியானது. கட்டுரையாளர் மார்தட்டும் பெருமையே, அவர் ஏசுகிற கல்வெட்டு ஆய்வாளர்கள் தேடித் தந்தது.

எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமான உச்சிக்குத் தந்த செப்புக் கலசத்தின் எடை 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக்கூட விடாமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பெயர், வந்த ஊர், குடியிருந்த தெரு, எத்தனையாவது வீடு என்பதுவரை அங்கே இருக்கிறது. முடிதிருத்திய ராஜராஜப் பெருநாவிசன் பெயரும் உண்டு. ஆனால் 'தமிழ்த் தச்சனின் மேதைமை' என்று பக்கம் பக்கமாக முழங்குகிற அந்தக் கட்டுரையில், அதே கல்வெட்டுகளில் உள்ள குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.