மிடுக்குக் குறையாத சைக்கிள்

சுற்றுச்சூழலுக்குத் தீங்கிழைக்காத வாழ்க்கை என்றதும், அழகைத் துறந்த துறவறம் ஒன்றையே நம்மவர் பலர் கற்பனை செய்துகொள்கின்றனர். இந்த எண்ணத்தை வன்னி எப்போதோ பொய்யாக்கிவிட்டது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் யாவும் அங்கு அரிதாயின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிது மண்ணெண்ணெயில் விளக்கெரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். பனங்களியால் துணி வெளுத்தார்கள். ஆயினும் ஆசிரியைகள், சிரட்டைக்கரிப் பெட்டியால் தேய்த்த சேலையின் மடிப்புக் கலையாமல் சைக்கிளேறிப் பாடசாலைக்குச் சென்றனர். அந்த மிடுக்கு எந்தக் கடையிலும் வாங்கியதல்ல.

தடையை நான் புகழவில்லை. அது ஒரு தண்டனை. (மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் கக்கிய கரும்புகையைப் பசுமை என்பாரும் உளரோ!) தண்டனையாக வந்ததனாலேயே, 2002இல் ஏ9 வீதி திறந்தபின் சைக்கிள் மெல்ல மெல்ல வறுமையின் அடையாளமாகிப் போயிற்று. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் கொழும்புக் கனவான்கள் ஏறியபோதோ அதுவே நாகரிகமாயிற்று. கியூஆர் முறையில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் பலர் இறங்கிவிட்டனர் என்பது வேறு கதை.

வன்னியில் இறங்காதவர்கள் பாடசாலைப் பிள்ளைகள். போருக்குப்பின் செப்பனிடப்பட்ட ஏ9 வீதியில், விரைந்துவரும் பஸ்களுக்கு அஞ்சி அவர்கள் ஓரத்து மண்ணில் சைக்கிளை இறக்குகின்றனர். பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலாவது சைக்கிளுக்கென ஒரு பாதையும், அதற்கு நிழல்தர வேம்பும் மருதும் கேட்பது பேராசையா?