அபராதம் கட்டுவதா, மறுப்பதா?



சென்ற திங்களில் ஒரு நாள் மாலை என் செல்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்தவர் தலைக்கவசம் அணியவில்லை. ஆகவே ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அதில் கண்டிருந்தது. நாள், நேரம், இடம் யாவும் குறிக்கப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கோவிலுக்குச் செல்லும் சாலை.

இத்தகைய செய்திகளில் பொய்யானவையும் உலவுகின்றன. அவற்றிலுள்ள இணைப்பைத் தொட்டுப் பணத்தைப் பறிகொடுத்தோர் பலர். ஆகவே நான் இணைப்பைத் தொடாமல், அரசின் இ-சலான் தளத்தை நானே திறந்து, வண்டியின் எண்ணைக் கொண்டு தேடினேன். செய்தி உண்மையே. படமும் இருந்தது. ஆயினும் அப்படத்தில் எண் பலகையின் கடைசி இலக்கம் சற்று மங்கியிருந்தது. மூன்று என்றும் சொல்லலாம். எட்டு என்றும் சொல்லலாம்.

கல்லூரியில் பயிலும் என் மகன் அதனைக் கூர்ந்து பார்த்தான். "அப்பா, எண் தெளிவாக இல்லையே! இது நம் வண்டி அன்று என்று மறுத்துவிடலாம்" என்றான். ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் என்னும் எண்ணம் எனக்கும் இனிக்கவே செய்தது. அவன் சொன்னதில் சட்ட நியாயமும் இல்லாமல் இல்லை. கருவிகளின் வழியாக விதிக்கப்படும் அபராதங்களுக்கென 2021 ஆகஸ்டில் நடுவண் அரசு திருத்திய மோட்டார் வாகன விதிகள், குற்றத்தையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம் வேண்டும் என்கின்றன.

அப்போது பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்த இளைய மகள் எட்டிப் பார்த்து, "அது அம்மாவின் நீலச் சேலைதானே?" என்றாள்.

வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அன்று காலை நடந்தவை எனக்கு நன்றாக நினைவிருந்தன. பூசைக்கு நேரமாகிவிட்டது, கோவில் அருகில்தானே என்று என் மனைவியின் தலைக்கவசத்தை ஆணியிலேயே விட்டுச் சென்றோம். "இது என் வண்டி அன்று" என்று நான் எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், எட்டாம் கட்டளையை என் பிள்ளைகளுக்கு எந்த முகத்துடன் சொல்லிக் கொடுப்பேன்? மறுநாள் காலையில் பணத்தைக் கட்டினேன். என் மகன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே தன் தலைக்கவசத்தின் அறுந்த வாரைத் தைத்து வாங்கி வந்தான்.

இவ்விடத்தில் சட்டத்தையும் சற்று அறிந்துகொள்வோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவின்படி, ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னே அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். வாரையும் பூட்டியிருக்க வேண்டும். மீறினால் 194டி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதம். ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் இழக்கவும் நேரிடலாம். தமிழகத்தில் நூறு ரூபாயாக இருந்த இந்த அபராதம் 2022 அக்டோபரில் ஆயிரமாக உயர்ந்தது. பின்னிருக்கையில் இருந்தவர் செய்த தவறாயினும், அதற்கு இடங்கொடுத்த ஓட்டுநரே பொறுப்பாளி.

அவ்வாறாயின் வரும் அபராதத்தையெல்லாம் வாய்திறவாமல் கட்டிவிடுவதுதான் நல்லவர் கடமையோ? அன்று. எங்கள் பங்கைச் சேர்ந்த மின்பணியாளர் ஒருவரின் அனுபவத்தைக் கேளுங்கள். அவர் வாழ்நாளில் கால் வைத்திராத ஓர் ஊரில் விதியை மீறியதாக அவருக்கு அறிக்கை வந்தது. படத்தில் இருந்ததோ வேறு நிறத்து வண்டி. எண்ணை யாரோ தவறாகப் படித்திருக்கின்றனர். "ஒரு நாள் கூலிதானே, கட்டித் தொலைத்துவிடுகிறேன், அலைந்தால் இரண்டு நாள் கூலி போய்விடும்" என்றார் அவர். கணக்கில் அவர் சொன்னது சரியே. ஆயினும் நான் தடுத்தேன்.

ஏனெனில் பணம் கட்டுவது வெறும் கணக்குத் தீர்ப்பதன்று. 200ஆம் பிரிவின்படி, அது குற்றத்தை இணங்கி முடித்துக்கொள்வதாகும். செய்யாத குற்றம் ஒருவர் பெயரில் ஏடேறிவிடும். அதே குற்றம் மறுமுறை நேர்ந்தால் கூடுதல் தண்டனை விதிக்கும் பிரிவுகளும் சட்டத்தில் உண்டு. மேலும், உண்மையாக விதியை மீறியவன் அறியாமலே தப்பித்துக்கொள்கிறான். அவர் தம் வண்டியின் படத்தையும் பதிவுச் சான்றின் நகலையும் இணைத்து மறுப்பு எழுதினார். இருமுறை அலைய நேர்ந்தது உண்மை. ஆனால் அபராதம் நீங்கியது.

வண்டியை விற்ற பின்னரும் அறிக்கை வருவதாகச் சிலர் முறையிடுகின்றனர். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவருக்கே அறிக்கை செல்லும். ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாள்களுக்குள் அதனைப் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு. வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள்.

எனவே அறிக்கை வந்ததும் முதலில் அது மெய்யா பொய்யா என்று பாருங்கள். அடுத்து படத்தையும் நாளையும் இடத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு வண்டியை அன்று ஓட்டியவர் யார் என்று வீட்டில் அமைதியாகக் கேளுங்கள். அதட்டிக் கேட்டால் பிள்ளைகள் மறைப்பார்கள். நம்மிடம் தவறு இல்லையெனில், குறித்த காலத்திற்குள் சான்றுகளுடன் மறுப்போம். அதில் வெட்கமோ அச்சமோ வேண்டியதில்லை. தவறு நம்முடையதாயின், படம் எவ்வளவு மங்கலாயிருந்தாலும் கட்டிவிடுவோம். இரண்டையும் செய்யாமல் காலம் கடத்துவதே தீது. வழக்கு நீளும், கவலையும் கூடவே நீளும்.

இப்போது எங்கள் வீட்டு வாயிலில் இரண்டு ஆணிகள் உள்ளன. ஞாயிறு காலையில் நாங்கள் புறப்பட்ட பின் இரண்டும் வெறுமையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது இளைய மகளின் பொறுப்பு.