உணவுக்குழாய்ச் சத்திரசிகிச்சை: தையலுக்குப் பிறகு தொடங்கும் சோதனை

உணவுக்குழாய்ப் புற்றுநோய் இலங்கையில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. வெற்றிலையோடு போடும் பாக்கும் புகையிலையும், சுருட்டும், மதுவும் அதற்கான முக்கிய காரணிகள். நோய் பரவுமுன் கண்டறியப்பட்டால், குழாயின் பெரும்பகுதியை அகற்றி, இரைப்பையை மேலே இழுத்து, எஞ்சிய பகுதியுடன் தைத்து இணைப்பார்கள். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உறவினர்களிடம் சொல்லப்படும். ஆனால் சோதனை அதன்பிறகுதான் தொடங்குகிறது.

1913இல் நியூயோர்க்கில் பிரான்ஸ் ரோரெக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மார்புப் பகுதி உணவுக்குழாயை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றினார். ஆனால் அவர் இரு முனைகளையும் இணைக்கவில்லை. கழுத்திலிருந்து வயிற்றுக்கு உடலுக்கு வெளியே ஓர் இறப்பர் குழாயைப் பொருத்தினார். அந்த நோயாளி பத்து வருடங்களுக்கு மேலாக அதனூடாகவே உணவு உட்கொண்டார்.

இணைப்பது இன்றும் கடினமானதே. குடலைப் போர்த்தியிருக்கும் உறுதியான வெளிப்படலம் உணவுக்குழாய்க்கு இல்லை. மேலே இழுக்கப்பட்ட இரைப்பையின் நுனிக்கு இரத்த ஓட்டமும் குறைவு. சிறந்த நிலையங்களில்கூட ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இணைப்பில் கசிவு ஏற்படுகிறது. பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். கழுத்தில் கசிந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். நெஞ்சுக்குள் கசிந்து கிருமித்தொற்று பரவினால் உயிராபத்து. உடனடி ஸ்கான், தீவிர சிகிச்சைக் கட்டில், தகுந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆகியவையே அப்போது உயிரைக் காக்கும்.

தப்பியவர்களிலும் சிலருக்கு வாரங்கள், மாதங்கள் கழித்து இணைப்பு சுருங்கிவிடுகிறது. முதலில் சோறு இறங்காது, பிறகு கஞ்சியும் இறங்காது. நோய் திரும்பிவிட்டதென்று பயந்து பலர் ஒதுங்கிவிடலாம். ஆனால் உள்நோக்கி மூலம் அதை விரிக்க முடியும். பலருக்குப் பலமுறை விரிக்க வேண்டியிருக்கும்.

இங்குதான் இது அரசியல் கேள்வியாகிறது. முல்லைத்தீவிலிருந்து மகரகம வைத்தியசாலைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். போரில் கணவனை இழந்து நாட்கூலியில் வாழும் பெண்ணுக்கு ஒவ்வொரு பயணமும் இழந்த கூலியும் புதிய கடனும்தான். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்களின் வெளியேற்றமும் இச்சுமையைக் கூட்டின.

நெதர்லாந்தில் 2011இல் வருடத்துக்குக் குறைந்தது 20 உணவுக்குழாய் அகற்றல்களைச் செய்யும் வைத்தியசாலைகளுக்கு மட்டுமே இச்சிகிச்சைக்கு அனுமதி என்று விதிக்கப்பட்டது. அனுபவமுள்ள குழு கசிவை விரைவில் இனங்கண்டு நோயாளியைக் காப்பாற்றும் என்பதே அதன் தர்க்கம். ஆகவே சத்திரசிகிச்சையை ஓரிடத்தில் குவிப்பது நியாயமே. ஆனால் விரித்தல், போசாக்கு ஆலோசனை, தொடர் கண்காணிப்பு ஆகியவை நோயாளியின் மாவட்டத்துக்கு அருகில் கிடைக்க வேண்டும். வடக்கு, கிழக்கின் சுகாதாரத் திட்டங்களைக் கட்டடங்களையும் சத்திரசிகிச்சை எண்ணிக்கையையும் கொண்டு மட்டும் அளக்கக்கூடாது. ஆறு மாதங்களின் பின் எத்தனை பேரால் சோறு விழுங்க முடிகிறது என்றும் அரசு கணக்கெடுக்க வேண்டும்.