வீட்டு ஜெபமும் கீர்த்தனையும்

காவிரிக்கரையிலுள்ள எமதூராகிய மோகனூரில், விளக்கேற்றும் வேளையில் வீட்டார் பாயில் அமர்ந்து, தாளமிட்டுக் கீர்த்தனை பாடி ஜெபித்தலை இளமைதொட்டுக் கண்டிருக்கின்றோம். கலாசாலைக்கு வந்தபின், விடுமுறையில் அவ்வழிபாட்டில் அமர நாணுகின்றோம். ஆங்கிலப் பாடலும் ஆர்கன் வாத்தியமும் இல்லாத ஆராதனை நாகரிகமற்றதென எண்ணுகின்றோம். இந்நாணம் தகுமோ?

அமெரிக்காவிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்த எட்வர்டு வெப் ஐயர் அங்ஙனம் எண்ணினாரல்லர். மேனாட்டு மெட்டில் அமைத்த பாட்டுக்கள் தமிழர் நாவில் எளிதில் நில்லாமையை உணர்ந்து, தமிழிசையைப் பயின்றார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றியவை முதலான கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் அச்சிட்டார். போதிக்க வந்தவர் மாணாக்கராயினார். அதனால் அவர் பெருமை குறைந்திலது.

பிறநாட்டுப் பாடல்களைத் தள்ளுக என்பது எம் கருத்தன்று. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் வழியாக நாம் பெற்ற ஞானப்பாட்டுக்களும் இன்று நம்முடையனவே. கொள்ளுதலும் கொடுத்தலும் ஒரே திருச்சபையின் இயல்பு. ஆயினும், கொள்ளக் கை நீட்டுவோர் கையிலுள்ளதை எறிந்துவிடுதல் பேதைமையாம். அயலார் வந்து கற்றதை நாமே மறப்போமாயின், பிறர்க்குக் கொடுக்க யாது எஞ்சும்?

ஆதலின், நண்பர்காள், வரும் விடுமுறையில் வீட்டார் பாய் விரிக்கும்போது நாமே முதலிற் சென்று அமர்வோமாக. பாட்டியார் தொடங்கும் கீர்த்தனைக்கு நாமும் தாளம் போடுவோமாக.