பெரம்பூரின் சரித்திரத்தை யார் காப்பது?

எழும்பூர் மியூசியத்தைச் சென்னை ஜனங்கள் ஒரு காலத்தில் 'செத்த காலேஜ்' என்றே அழைத்தார்கள். 1851-ல் துவங்கிய அந்த ஸ்தாபனத்தில் வெண்கலச் சிலைகள் உண்டு. அமராவதிச் சிற்பங்கள் உண்டு. கோட்டை மியூசியத்தில் கவர்னர்களின் படங்கள் உண்டு. இந்த நகரத்துக்கு நூல் நூற்று, துணி நெய்து கொடுத்தவனுக்கு இடம் எங்கே? 1959-ல் மெரினாவில் எழுந்த உழைப்பாளர் சிலை ஒன்று போதுமா?

பெரம்பூரை எடுத்துக்கொள்வோம். 1918 ஏப்ரல் 27-ல் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் இந்தியாவிலேயே இதுதான் முதல் என்பார்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அடிகோலினார்கள், வாடியா தலைமை ஏற்றார், திரு. வி. க. தோள் கொடுத்தார். 1921 ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிக்கு ஏழு உயிர்கள் பலியாயின. 1996-ல் ஆலை மூடப்பட்டது. சங்கு ஊதிய நிலத்தில் அடுக்குமாடிகள் முளைத்துவிட்டன.

"சர்க்காரே ஒரு மியூசியம் கட்டட்டுமே" என்பார்கள் சிலர். கட்டட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். கேப் டவுன் நகரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பேட்டையை நிறவெறி ஆட்சி 1966-ல் வெள்ளையர் பகுதியென அறிவித்தது. சுமார் 60,000 பேர் விரட்டப்பட்டனர், வீடுகள் தரைமட்டமாயின. அந்த ஜனங்களே 1994-ல் ஒரு பழைய மாதா கோவிலில் மியூசியம் துவக்கினார்கள். இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் ஒளித்து வைத்திருந்த தெருப் பெயர்ப்பலகைகள் அங்கே தொங்குகின்றன. தரையில் விரித்த பெரிய வரைபடத்தில், தத்தம் வீடு இருந்த இடத்தைப் பழைய குடிகள் தம் கையாலேயே எழுதினார்கள்.

நமக்கும் ஓர் அறை போதும். பழைய சம்பளச் சீட்டு, சங்க ரசீது, ஆலை அடையாள வில்லை, தறி நாடா, இவை பரணில் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன் சேகரிப்போம். ஆலை மூடியபோது நாற்பது வயதானவர் இன்று எழுபதைத் தொட்டுவிட்டார். அவர் சொல்வதை யார் குறித்துக்கொள்வது?

ஒரு நிபந்தனை. பெருமையை மட்டும் காட்டும் மியூசியம் வேண்டாம். 1921 வேலைநிறுத்தத்தில் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் பெரும்பாலோர் சேரவில்லை. ஜாதிப் பிளவு முதலாளிக்கு ஆதாயமாயிற்று. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அதையும் அதே சுவரில் எழுத வேண்டும். தயவை நம்பி நிற்கும் ஸ்தாபனம் இதை எழுதத் தயங்கும். தன் காலில் நிற்பதுதான் துணிந்து எழுதும். படிப்பவனும் பாடம் கற்பான்.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். வேலை அங்கிருந்தே துவங்கட்டும்!