2,199 சி.சி.யும் என் மாமனாரும்

செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கு ஒரு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. அதற்குள் மஹிந்திரா ரிசர்ச் வேலி. ஏ.சி. அறை, கம்ப்யூட்டர், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இன்ஜினியர்கள். ஜீப் எப்படி ஓட வேண்டும் என்று அங்கே ராப்பகலாக யோசிக்கிறார்கள். ஏரிக்கு இன்னொரு பக்கம் என் மாமனார் வீடு. அங்கே ஒரு வேப்பமரம், அதன் கிளையில் ஒரு செயின் பிளாக், மெக்கானிக் பாய், கிழிந்த பனியனில் என் மச்சினன். இவர்களும் அதே விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஏ.சி. மட்டும் இல்லை.

என்னைக் கூப்பிட்டது கணக்குப் பார்க்க. நான் பி.காம். அதனால் எங்கள் சொந்தத்தில் யார் மாவு மெஷின் வாங்கினாலும், மனை வாங்கினாலும் எனக்கு ஒரு டிபனும் ஒரு பேப்பரும் பென்சிலும் உறுதி. "மாமா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. எஞ்சினை நான் பாத்துக்கறேன், நீங்க பட்ஜெட்டை மட்டும் பாருங்க" என்றான் மச்சினன். நிதியமைச்சருக்கும் இப்படித்தான் வேலை கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பணம் வந்த வழி சீட்டு. ஒரு லட்சத்து இருபதாயிரம். அது பெண்ணின் பள்ளிக்கூட ஃபீஸுக்கு என்று அவன் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். எனக்குத் தங்கச்சி முறை. காபி கொண்டுவந்து வைத்தபோது டம்ளர் 'டங்'கென்று கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டது.

வண்டி பழைய மஹிந்திரா சி.ஜே.3பி. பெட்ரோல். மாமனார் 1986ல் ஏலத்தில் எடுத்தது. திருக்கழுக்குன்றம் பக்கத்துத் தோப்பிலிருந்து தேங்காய் மூட்டை ஏற்றிவந்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியது. (அதில் ஒன்றை என்னிடம் ஏற்றிவிட்டது.) இப்போது புகை, முனகல், லிட்டருக்கு ஆறோ ஏழோ கிலோமீட்டர். எஞ்சினை வெளியே எடுத்துத் திண்ணையில் வைத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. மேலே சாக்குப் போட்டு மூடியிருந்ததால், வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் அதை அரிசி மூட்டை என்று நினைத்து உட்கார்ந்து எழுந்தார்கள். வேட்டியில் கிரீஸ்.

மச்சினன் திட்டம் இது. பெட்ரோல் எஞ்சின் 2,199 சி.சி. அதை ஒழித்துவிட்டு, கழித்துக் கட்டிய ஒரு மஹிந்திரா வண்டியிலிருந்து 2,523 சி.சி. டீசல் டி.ஐ. எஞ்சினை வாங்கி உட்கார வைப்பது. "ரெண்டுமே மஹிந்திரா மாமா. அண்ணன் சட்டை தம்பிக்குப் பத்தாதா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சி.ஜே.3பி-யே ஒரு பெரிய எஞ்சின் மாற்றத்தில் பிறந்த வண்டிதான். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் 60 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது. அதே 2.2 லிட்டர் எஞ்சினில் உள்ளே இழுக்கும் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோய், வெளியேற்றும் வால்வைக் கீழே பிளாக்கிலேயே விட்டு, 75 குதிரைத்திறனாக்கினார்கள். பெயர் ஹரிகேன். குதிரை கூடியது, கூடவே எஞ்சினின் உயரமும் கூடிவிட்டது. பழைய பானெட்டை மூடினால் மூடவில்லை. வில்லிஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? 1953ல் பானெட்டையே உயர்த்திவிட்டார்கள். நம் ஊர் ஜீப்புக்குச் சின்ன முகமும் பெரிய நெற்றியும் இருப்பதற்குக் காரணம் அழகு அல்ல, எஞ்சின். அமெரிக்காவில் அந்த மாடல் 1968லேயே போய்விட்டது. இங்கே அதன் முகஜாடை பல காலம் ஓடிக்கொண்டிருந்தது.

(போரின்போது வில்லிஸோடு சேர்ந்து ஃபோர்டும் லட்சக்கணக்கில் அதே ஜீப்பைச் செய்தது. அந்த ஃபோர்டு 1990களில் மஹிந்திராவோடு கைகோத்து இந்தியாவுக்கு வந்து, செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே மறைமலை நகரில் தொழிற்சாலை கட்டி, 2022ல் கார் செய்வதை நிறுத்திக்கொண்டது. ஜீப்பின் ரெண்டு பெற்றோரும் கடைசியில் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுக்கே வந்து சேர்ந்ததை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.)

ஆனால் வில்லிஸிடம் பானெட் செய்கிற தொழிற்சாலை இருந்தது. மச்சினனிடம் வேப்பமரம்தான்.

பாய் இந்தத் தொழிலில் முப்பது வருஷம். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஊரெல்லாம் இதே வேலைதானாம். அம்பாஸடரானாலும் சரி, ஜீப்பானாலும் சரி, பெட்ரோலைக் கழற்று, டீசலை மாட்டு. பஜாஜ் டெம்போ அப்போது பென்ஸ் உரிமத்தில் ஓ.எம்.616 என்ற 2.4 லிட்டர் டீசல் எஞ்சினைச் செய்தது. வெளிநாட்டில் மெர்சிடிஸ் 240டி காரில் இருந்த அதே குடும்பம். அதை மாட்டிக்கொண்டவர்கள் 'நம்மளுது பென்ஸ் எஞ்சின்' என்று சொல்லிக்கொண்டு தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றினார்கள்.

"செய்யலாம் தம்பி. எறக்கறது அரை நாள், ஏத்தறது அரை நாள். நடுவுல ஆறு மாசம்" என்றார் பாய்.

அந்த ஆறு மாசத்தை அவர் விரித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே போனேன். முதலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முகம் பார்த்து உட்கார வேண்டும். டி.ஐ. எஞ்சினின் ஓட்டைகள் வேறு, பழைய கியர்பாக்ஸின் ஓட்டைகள் வேறு. நடுவில் ஒரு தகடு கடைய வேண்டும். லேத் பட்டறையில் அது ஒரு நூல் மையம் விலகினாலும் கிளட்ச் ஆயுசு அவ்வளவுதான். 'கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்கிடலாம்' என்றால் அதன் நீளம் வேறு. ஜாயிண்ட் ஷாஃப்டை வெட்டி ஒட்டி பேலன்ஸ் பார்க்க வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் ரேடியேட்டர் இடிக்கும். கீழே இறக்கினால் ஆயில் சம்ப் முன் ஆக்ஸிலில் இடிக்கும். பக்கத்தில் தள்ளினால் ஸ்டீயரிங். டீசல் எஞ்சின் கனம், அதனால் முன் பட்டைகள் தொங்கிவிடும், பட்டை சேர்க்க வேண்டும். டீசலுக்குப் போகிற பைப் மட்டும் போதாது, மிச்சம் திரும்பி வருகிற பைப்பும் வேண்டும். குளிர்காலத்தில் ஸ்டார்ட் பண்ண பெரிய பேட்டரி, கனமான வயர். அப்புறம் பிரேக்...

"பிரேக் இருக்கே பாய்!" என்றான் மச்சினன்.

"இருக்கு. ஒம்போது இன்ச் டிரம். அதுவும் 75 குதிரை வண்டிக்கு, அந்தக் காலத்து ரோட்டுக்கு. பூஸ்டர் போடலாம்னா டீசல்ல வேக்குவம் கிடையாது. அதுக்குன்னு தனியா பம்ப் வச்ச ஆல்டர்னேட்டர் தேடணும்."

இதுவரை பாயின் கணக்கு. இனி என்னுடையது. பெரிய எஞ்சின் என்றால் வண்டி பறக்கும் என்பது மச்சினனின் கனவு. பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஜீப்பின் பின் ஆக்ஸில் விகிதம் 5.38. அதாவது டாப் கியரில் எஞ்சின் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.27 மீட்டர். பழைய பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுக்குப் போகும். பெருக்கி வகுத்தால் மணிக்கு 101 கிலோமீட்டர். பழைய டீசல் டி.ஐ. எஞ்சினின் முழுபலம் 3,000 சுற்றை ஒட்டி முடிந்துவிடும். அதே பெருக்கல், அதே வகுத்தல்: 76. டர்போ இல்லாத அந்த எஞ்சினின் குதிரைத்திறனும் 75ஐ எட்டாது. சி.சி. 324 கூடுகிறது, வேகம் 25 குறைகிறது! டீசல் ஜாஸ்தி தூரம் கொடுக்கும், மேட்டில் நின்று இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பறக்காது. பறக்க வேண்டுமானால் பின் ஆக்ஸிலையும் மாற்ற வேண்டும். அப்புறம் அது வேறு வண்டி. (ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் இப்போது அதே 2.2 லிட்டர் அளவு டீசல் எஞ்சினில் 130 குதிரைத்திறன் எடுத்துத் தார் வண்டியில் வைக்கிறார்கள். அதற்கு டர்போ, கம்ப்யூட்டர், சென்சார் என்று ஒரு கல்யாண மண்டபமே கூட வரும். வேப்பமரம் தாங்காது.)

மச்சினன் அசையவில்லை. "பீச்சுல போறதுக்கு சி.சி. வேணும் மாமா" என்றான்.

பீச் விஷயத்தை நான் கண்ணால் பார்த்தவன். போன வருஷம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அவன் சிநேகிதன் ஒருத்தன் இதே மாதிரி பெரிய டீசல் மாட்டிய ஜீப்பை மணலில் இறக்கினான். இருபதடி போனது. அப்புறம் முன்னால் போகாமல் கீழே போக ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, கிணறு வெட்டுகிற மாதிரி நான்கு குழி. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் பீடியை முடித்துவிட்டு நிதானமாக வந்தார். "இன்னா தம்பி, காத்தை எறக்காமயா உட்ட?" என்றார். டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டு, முன்னால் மண்ணைக் கையால் தள்ளிவிட்டு, முதல் கியரில் மெல்ல விடச் சொன்னார். வெளியே வந்துவிட்டது. காற்றுக் குறைந்த டயர் நீளமாகப் படுத்து பாரத்தைப் பரப்புகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். செலவு பூஜ்யம்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறி, ஒரு குழிக்கு நூறு முட்டை போலப் புதைத்துவிட்டுப் போகிறது. குஞ்சு பொரிக்க ஒன்றரை மாதம் ஆகும். டயர் தடத்தில் விழுந்த குஞ்சு ஏறி வெளியே வர முடியாமல் அங்கேயே காய்ந்துவிடும். "ரோடு இருக்கச்சொல்ல இங்க இன்னா வேலை உங்களுக்கு?" சிநேகிதன் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

பெரிய எஞ்சின் ஆசை அவர்களுக்கும் தெரியாததில்லை. ஒருத்தர் படகில் பெரிய எஞ்சின் வைத்தால் பக்கத்துப் படகுக்கு மீன் மிஞ்சாது என்று கடலில் சண்டையே நடந்திருக்கிறது. கடைசியில் 2020ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளில், 240 குதிரைத்திறனுக்கு மேல் கூடாது என்று கோடு போட்டார்கள்.

ரோட்டில் கோடு இன்னும் கெட்டி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. கம்பெனி என்ன விவரம் கொடுத்து ஆர்.சி.யில் ஏறியதோ, அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2000ல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு இதெல்லாம் நடந்தது. பாயின் பொற்காலம் அதுதான். 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. கேஸ், பேட்டரி என்று மாற அங்கீகரித்த கிட் இருந்தால் அது தனி. அதே ரக எஞ்சினை அனுமதி வாங்கி மாற்றிப் புது நம்பரைப் பதிவு செய்யலாம். ஆனால் பெட்ரோலைக் கழற்றி டீசலை வைக்கிற கிட் பாய் கடையில் கிடையாது. 2019ல் சேர்த்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த வண்டியின் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதம், அல்லது ரெண்டும். பழைய வண்டி வேறு. ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் டி.என்.19 ஆபீஸில் நிறுத்திக் காட்ட வேண்டும். பானெட்டைத் திறந்தால் ஆர்.சி.யில் ஒரு நம்பர், இரும்பில் ஒரு நம்பர். நாளைக்கு யார் மேலாவது இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரன் அதைத்தான் முதலில் பார்ப்பான்.

இதை எல்லாம் நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். மாமனார் ஈஸி சேரில் கண்ணை மூடியிருந்தார். காது கேட்காது என்பது வீட்டில் எல்லோருடைய நம்பிக்கை.

"மாப்பிள்ளை, அந்த ஜெயிலு யாருக்குன்னீங்க?"

"சொந்தக்காரருக்கு மாமா. ஆர்.சி. யார் பேர்ல இருக்கோ அவருக்கு."

"என் பேர்லதான் இருக்கு" என்றார். எழுபத்தாறு வயசு. மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார். "மாத்தறது நீ. உள்ள போறது நானா?"

மச்சினன் பெயரில் மாற்றிக்கொள்ளலாமே என்று யாரோ ஆரம்பித்தார்கள். "நான் இருக்கற வரைக்கும் இல்ல" என்று திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். தங்கச்சி உள்ளேயிருந்து இன்னொரு காபி கொண்டுவந்தாள். இந்தத் தடவை டம்ளர் சத்தம் போடவில்லை.

மறுநாள் சாக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். ஹரிகேன் எஞ்சின் கெட்டிதான். பிளாக் விரிசல் இல்லை. போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு சீட்டிங். பாய் சொன்ன தொகை சீட்டுப் பணத்தில் பாதிக்கும் கீழே. நான் பேப்பரில் ஃபீஸ் என்று தனியாக ஒரு தலைப்பு போட்டு, முதலில் அதைக் கழித்தேன். மச்சினன் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சத்தில் பிரேக். மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், புது லைனிங், பைப். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் ரோட்டில் பாய் ஓட்டிக் காட்டினார். பின்னால் நானும் மச்சினனும், சோதனைக்கென்று இரண்டு தேங்காய் மூட்டையும். முன் சீட்டில் மாமனார், கையில் ஆர்.சி. புத்தகம். ஐம்பதில் போய்க்கொண்டிருந்த வண்டியை பாய் சொல்லாமல் கொள்ளாமல் மிதித்தார். நின்றது. மூட்டை ஒன்று அவிழ்ந்து தேங்காய்கள் எல்லாம் எங்கள் காலடி வழியாக உருண்டு முன்னால் போயின. மாமனார் குனிந்து ஒரு தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"இது தேறும்" என்றார். தேங்காயைச் சொன்னாரா, வண்டியைச் சொன்னாரா என்று நாங்கள் கேட்கவில்லை.